வரிசைக் கொப்பி

வரிசையில் நிற்பதற்கென்றே பிறந்த ஒரு மனுஷி எங்கள் ஒழுங்கையில் நாலு வருஷத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயர் எழுதுகிற விஷயத்தில் அவர் பட்டது போதும். ஒழுங்கையில் எல்லோரும் கூப்பிட்டதுபோல அக்கா என்றே சொல்கிறேன்.

நான் சந்தேகக்காரன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. "கோயிலிலை திருநீறு தந்தாலும் அடுப்புச் சாம்பலோ எண்டு மணந்து பாக்கிற ஆள்" என்று என் மனைவி என்னைப் பற்றிச் சொல்வாள். இருபது வருஷமாக அரசாங்கக் கந்தோரில் கருமபீடத்துக்கு உட்பக்கம் இருந்து ஊராரின் பத்திரங்களைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு வேறு குணம் எங்கிருந்து வரும்? வரிசை என்றால் அது எனக்கு முன்னால் நிற்பது. நான் அதில் நிற்பதில்லை.

அக்கா பண்டத்தரிப்புக்கு வந்தது ஒரு ஓட்டோவில். இரண்டு பெட்டி, ஒரு குடை, நாலாக மடித்த ஒரு சாக்கு. சொந்தக்காரர் என்று ஒருவரும் வந்து போனதில்லை. எந்த ஊர் என்று கேட்ட என் மனைவிக்குக் குருநகர் என்று சொன்னார். வீட்டை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரருக்கு வன்னி என்று சொல்லியிருந்தார். ஒரு ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் வாழ்ந்தால் அப்படித்தானே சொல்வார்கள் என்றாள் மனைவி. இரண்டு ஊர் சொல்கிற ஆளை நம்பக்கூடாது என்றேன் நான்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவாது. கிழமைக்கு இரண்டு நாள் சந்திக்குத் தண்ணீர் கொண்டு பவுசர் வண்டி வரும். முதல் நாள் பின்னேரமே சனம் வாளிகளை வரிசையாக வைத்துவிடும். விடிந்து பார்த்தால் நாலாவதாக இருந்த வாளி பத்தாவதாக இருக்கும். அதோடு சண்டை தொடங்கும். அக்கா வந்து ஒரு மாதத்தில் அந்தச் சண்டை நின்றது. அதற்கு அவர் செய்தது ஒன்றுதான். ஒரு மட்டைக் கொப்பியை எடுத்து, எந்த வாளி எதற்குப் பின்னால் என்று எழுதத் தொடங்கினார். சாக்கை விரித்து, குடையைப் பிடித்து, எழுதிக்கொண்டே இருப்பார். யாராவது வாளியை நகர்த்தினால், "பிள்ளை, நீங்கள் பச்சை வாளிக்குப் பின்னாலை எல்லே" என்பார். அதோடு சரி.

"கியூவிலை நிக்கிறது காலாலை இல்லைத் தம்பி" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். "முன்னுக்கு நிக்கிறவரின்ரை முதுகைப் பாடமாக்க வேணும். பின்னுக்கு நிக்கிறவரின்ரை முகத்தைப் பாடமாக்க வேணும். பிறகு ஆர் வந்து கேட்டாலும் அந்த ரெண்டு பேரும்தான் உங்களுக்குச் சாட்சி."

நேரத்தை அவர் மணிக்கூட்டில் பார்ப்பதில்லை. மடியில் புழுக்கொடியல் வைத்திருப்பார். அவித்துக் காயவைத்த அந்தப் பனங்கிழங்கைக் கடிக்கவும் முடியாது, துப்பவும் மனம் வராது, சப்பிக்கொண்டுதான் இருக்கவேண்டும். ஒன்று முடிய இருபது நிமிஷம் என்பது அவருடைய கணக்கு. "இன்னும் ரெண்டு புழுக்கொடியல்தான், பொறுங்கோ" என்று பின்னால் நிற்பவர்களைத் தேற்றுவார்.

இதெல்லாம் நல்ல குணம்தானே என்று கேட்பீர்கள். எனக்கு அந்தக் கொப்பி பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒரு நாள் ஆமிக்காரர் ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். முன்னால் ஒரு கதிரையில், சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை விட்டு ஒருவர் இருந்தார். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளை வேறாக எடுத்துவிடுவார்கள். தலையாட்டி என்று சொல்வோம். எனக்கு முன்னால் என் வகுப்பில் படித்தவன் நின்றான். அவனைக் கண்டு அந்தத் தலை ஆடியது. என்னைக் கண்டு ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றிலிருந்து வரிசை, சாக்கு, எழுதுகிற ஆள் மூன்றையும் ஒரே இடத்தில் கண்டால் அந்தக் கதிரைதான் எனக்கு முன்னால் வரும். அக்காவிடம் மூன்றும் இருந்தன.

எண்ணெய் இல்லாமல் நாடே தெருவில் நின்ற வருஷம் என் சந்தேகத்துக்கு நல்ல தீனி கிடைத்தது. அக்காவிடம் சைக்கிள்கூட இல்லை. ஆனாலும் பெற்றோல் வரிசையில் நாள் முழுக்க நின்றார். நான் மோட்டார் சைக்கிளை அவருடைய பொறுப்பில் விட்டுவிட்டுக் கந்தோருக்குப் போய், பின்னேரம் வந்து, அசையாத என் இடத்தில் நின்று பெற்றோல் அடித்தேன். ஒரு தரம் அல்ல, பல தரம். வாகனம் இல்லாத மனுஷிக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்துக்கொண்டேதான் அடித்தேன். இன்னொன்றும் கவனித்தேன். அவர் என் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அதே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வெங்காயக்காரர் ஒருவரைத் தேடி, அடுத்த கிழமை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து விசாரித்தார்கள். "பாத்தியோ, கொப்பி வேலை செய்யுது" என்றேன் மனைவியிடம். பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் தமையனுக்கும் வேலிப் பிரச்சினை, அது சம்பந்தமாக வந்தவர்கள் என்று. தெரிந்தும் என் சந்தேகம் போகவில்லை. அது வேறு காரணம் தேடிக்கொண்டது.

கொடிகாமத்துக்கு அங்கால், பெரிய தெருவோரம் புதிதாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்தார்கள். அங்கே ஒரு பெரிய ராட்டினம். அக்கா குஞ்சு என்று கூப்பிடும் என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பில் எல்லோரும் ஏறிவிட்டார்கள், தான் மட்டும்தான் மிச்சம் என்று மூக்கால் அழுதுகொண்டிருந்தாள். விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தேன். மனைவிக்கு மின்விசிறி சுற்றினாலே தலை சுற்றும், வரமாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் என்னைக் கேட்காமல் அக்காவை ஒழுங்கு செய்துவிட்டாள்.

"உங்களுக்குப் பத்து நிமிசம் நிக்க ஏலாது. பிள்ளையை அரைவாசியிலை திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திடுவியள். அக்கா போனால்தான் காரியம் நடக்கும்."

அக்கா குடையும் சாக்கும் கொப்பியுமாக வந்தார். "நான் ஏறேல்லைத் தம்பி. கீழை நிண்டு பையைப் பாக்கிறன்" என்றார். ஏறாத ஆள் ஏன் வரவேண்டும்? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பூங்காவுக்குள் போனதும் அவர் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் வாசலுக்குக் கிட்ட இருக்கிறதிலைதான் முதல் விழுவினம். நாங்கள் கடைசியிலை துடங்குவம்" என்றார். சின்னக் கார், தண்ணீர்ச் சறுக்கு, கப்பல் ஊஞ்சல் மூன்றையும் ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டோம். பதினொரு மணிக்கே சோற்றுப் பார்சலைப் பிரிக்க வைத்தார். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரம்தான் ராட்டினத்துக்குப் போய் நிற்கவேண்டிய நேரமாம்.

"இதுக்கு முதலும் இஞ்சை வந்திருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. கியூ எல்லா இடமும் ஒண்டுதான்."

ஆனால் அன்று அவருடைய கணக்கும் பிழைத்தது. நாங்கள் போய் நின்ற கையோடு மின்சாரம் போய், ராட்டினம் அரை மணித்தியாலம் நின்றது. இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வரிசை வெளியே தெருப்பக்கம்வரை நீண்டுவிட்டது. தகரக் கூரை எங்களுக்குப் பின்னால் நின்ற பாதிப் பேருக்குத்தான். மிச்சப் பேர் வெயிலில் நின்றோம். மகள் அக்காவின் குடைக்குள் நின்று புழுக்கொடியல் சப்பினாள். நான் எனக்குள் சபித்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட பொடியன் ஒருவன் தனியாக நின்றான். சற்று நேரத்தில் அவனுடைய கூட்டாளிகள் இருவர் கம்பிக்கு மேலால் பாய்ந்து அவனோடு சேர்ந்தார்கள். பிறகு மூவர். ராட்டினம் திரும்பச் சுற்றத் தொடங்கியும் எங்கள் வரிசை முன்னால் போகவேயில்லை. ஊன்றுகோலோடு நின்ற ஒரு ஐயா முறுமுறுத்தார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது அக்கா கொப்பியை எடுத்தார்.

"அக்கா, வேண்டாம்" என்றேன்.

"ஒரு கொஞ்ச நேரம்தான் தம்பி. எழுதினால் தானாச் சரிவரும்."

கம்பியோரமாக முன்னால் போய், ஒவ்வொருவராகப் பார்த்து, எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். முதலில் சனம் சிரித்தது. பிறகு உண்மையாகவே ஒழுங்கு வந்தது. "ஐயா மூண்டாவது. ஐயாவை நிழலுக்குள்ளை விடுங்கோ, இடம் போகாது" என்றார். ஐயாவை நிழலுக்குள் விட்டார்கள். எங்களையும் எழுதிவிட்டு மஞ்சள் தொப்பியின் பக்கம் திரும்பி, "நீங்கள் ஒரு ஆள்தான் தம்பி நிண்டனீங்கள். மற்றவை பின்னுக்குப் போகட்டும்" என்றார்.

"ஆருக்குக் குடுக்கிறதுக்கு எழுதுறியள்?" என்று அவன் கேட்டான்.

அக்காவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "எல்லாருக்கும்தான்" என்றார்.

"ஆர் உங்களை எழுதச் சொல்லி அனுப்பினது?"

அவ்வளவுதான். அந்தச் சொல் விழுந்ததும் முன்னால் ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து முகத்தைச் சேலைக்குள் மறைத்தாள். நிழலில் நின்ற அந்த ஐயாவே, "உப்பிடித்தான் முந்தியும் எழுதினவை" என்றார். பின்னாலிருந்து யாரோ, "தலையாட்டி" என்றார்கள். ஒருவன் போனை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினான். மஞ்சள் தொப்பிக்கு முப்பது வயதுகூட இராது. தலையாட்டியை அவன் கண்டிருக்கவும் மாட்டான். எந்தச் சொல்லை எறிந்தால் எங்கள் சனம் கலங்கும் என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"உவ ஆரோடை வந்தவ?" என்று கேட்டார்கள்.

மகள் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளை என் பக்கம் இழுத்தேன்.

"எங்களோடை இல்லை" என்றேன். "பஸ்ஸிலை கண்டது. ஆரெண்டு வடிவாத் தெரியாது."

முழுப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு வருஷமாக எனக்கு அவரை ஆரென்று தெரியாமல்தானே இருந்தது!

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம், "ஓம், தம்பிக்கு என்னைத் தெரியாது" என்றார்.

மஞ்சள் தொப்பி கொப்பியைப் பறித்து, எழுதின தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்துவிட்டு, கொப்பியை அவர் காலடியில் போட்டான். அக்கா குனிந்து எடுத்தார். சாக்கை மடித்தார். கம்பிக்குக் கீழால் நுழைந்து வரிசையை விட்டு வெளியே போனார். அவர் ஒரு வரிசையை இடையில் விட்டுப் போனதை நான் கண்டது அன்றுதான். குடையை மகளிடமே விட்டுவிட்டார்.

ஒரு மணித்தியாலம் கழித்து நாங்கள் ராட்டினத்தில் ஏறினோம். மேலே போனால் கடல்நீரேரிவரை தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்ததா என்று நினைவில்லை. மகள் வெளியே பார்க்கவில்லை. கசங்கிய அந்தத் தாளை எடுத்து வைத்திருந்தாள். மடியில் வைத்து நீவி நீவி வாசித்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன்.

நீலச் சேட், தகப்பனும் மகனும். இரட்டைப் பின்னல் பிள்ளை, தாய். பொல்லோடை ஐயா, நிழல் வேணும். சிவப்புச் சேலை, கைக்குழந்தை. மஞ்சள் தொப்பி, ஒரு ஆள். அப்படியே கீழே போய், பதினோராவதாக: தம்பியும் குஞ்சுவும், இரண்டு பேர்.

ஒரு பெயர்கூட இல்லை. நாலு வருஷமாக நான் பயந்த கொப்பியில் ஒருவருடைய பெயரும் இருந்திருக்காது. என் பெயரை அவர் கேட்காததன் காரணமும் அதுதான். அவருக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலமும் அந்தக் கொப்பியை ஒருதரம் எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றாமல் போனதே என்று என்மேல் ஆத்திரமும் வந்தது. தாளை மடித்துச் சேட் பொக்கெற்றில் வைத்தேன்.

பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் அரை மைல் தூரத்துக்குச் சனம். முன்வரிசையில் அக்கா நின்றார். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினார். "இஞ்சை வாங்கோ தம்பி."

நான் தயங்கித் தயங்கிப் போனேன். பின்னால் நின்றவர் சண்டைக்கு வந்தார். "இவை இப்பத்தானே வருகினம். எப்பிடி முன்னுக்கு விடுறது?"

"இவை என்னோடை வந்த ஆக்கள்" என்றார் அக்கா. "எனக்குப் பின்னாலைதான் இவையின்ரை இடம். நான் சாட்சி."

அந்த ஆள் ஒரு அடி பின்னுக்குப் போய் இடம் விட்டார். பஸ்ஸில் எங்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. மகள் அக்காவின் மடியில் தலை வைத்து நித்திரையானாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அக்கா, தண்ணி குடிக்கிறியளோ?" என்றுதான் வந்தது. வேண்டாம் என்றார். என் புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. என்னை வெட்கப்படுத்துவதற்காகத்தான் இடம் பிடித்து வைத்தாரோ என்று யாழ்ப்பாணம் வரும்வரை யோசித்தேன்.

இரண்டு நாளில் அந்த வீடியோ எங்கள் ஒழுங்கைப் போன்களுக்கும் வந்தது. கம்பிகளுக்கு நடுவே கொப்பியோடு அக்கா. பின்னால் யாரோ சொல்லும் தலையாட்டி என்ற சொல். அதற்குப் பிறகு, முகம் தெரியாமல், என்னுடைய குரல்: ஆரெண்டு வடிவாத் தெரியாது.

வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர்தான். படலைக்கு வெளியே நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீர் அண்டைக்கு அவவோடை போனனீர் எல்லே. சனம் ஒவ்வொண்டு கதைக்குது. அவவை வீட்டை விட்டு எழுப்பச் சொல்லி எனக்கு நெருக்குதல். நீர் கந்தோர் ஆள், உம்மடை சொல்லுக்கு மதிப்பிருக்கு. அவ அப்பிடி ஆள் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். நான் மற்றவையைச் சமாளிக்கிறன்."

தாள் வீட்டுக்குள் அலமாரியில் இருந்தது. எடுத்துவந்து காட்டப் பத்து அடி நடந்தால் போதும். ஆனால் காட்டினால், அன்று தெரியாது என்று சொன்ன குரல் யாருடையது என்ற கேள்வி வரும். தெரிந்துகொண்டே ஏன் மறைத்தான் என்பார்கள். அவவும் இவனும் ஒன்றோ என்பார்கள். சனம் எப்படி யோசிக்கும் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்தச் சனத்தில் ஒருவன்.

"எனக்கென்ன தெரியும் ஐயா" என்றேன். "நான் கந்தோருக்குப் போய் வாற ஆள்."

உள்ளே நின்ற மனைவிக்கு அது கேட்டது.

மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் ஓட்டோ வந்தது. அதே இரண்டு பெட்டி. அதே சாக்கு. மகள் ஓடிப்போய்க் குடையைக் கொடுத்தாள். "வெயிலுக்கு உதவும் குஞ்சு, நீ வைச்சிரு" என்று அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். மனைவி அழுதாள். எங்கே போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க எங்களுக்கு முகம் இல்லை.

ஓட்டோவில் ஏறப்போனவர் திரும்பி என்னிடம் வந்தார். ஏதாவது கேட்டால் காலில் விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"தம்பி, நாளைக்குப் பவுசர் வாற நாள். சந்தியிலை என்ரை வாளிக்குப் பின்னாலை உங்கடையை வைச்சிருந்தனான். என்ரையை எடுத்திட்டன். இனி நீங்கள்தான் முதல். விட்டிடாதையுங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். ஓட்டோ போய்விட்டது. ஒழுங்கைச் சனம், "சந்தேகம் சரிதான், இல்லாட்டில் ஏன் உடனை போறா?" என்றது.

மறுநாள் விடியச் சந்திக்குப் போனேன். என் வாளி முதலாவதாக இருந்தது. அதற்குப் பின்னால் மூலை வீட்டு மனுஷியின் வாளி. பவுசர் வந்து நின்றதும் நான் முன்னால் போனேன்.

"நில்லுங்கோ" என்றாள் அவள். "உங்கடை வாளி எப்பிடி முதலாவது? நேற்றுப் பின்னேரம் நான் வைக்கேக்கை அக்காவின்ரைதானே முதல் நிண்டது."

"அக்காவுக்குப் பின்னாலைதான் என்ரை நிண்டது. அவ எடுத்திட்டா."

"அதை ஆர் கண்டது?"

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். இருபது பேர் நின்றார்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். அந்த வீடியோவில் என் குரலைக் கேட்டு, அது நான்தான் என்று அறிந்தவர்கள். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் போனைப் பார்த்தார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவரின் முதுகைப் பாடமாக்கப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் வந்து நிற்கவில்லை.